பட்டியலில் உள்ள பெயர்கள்: இந்திய, இலங்கைத் தகவல் உரிமைச் சட்டங்கள் குறித்து ஓர் ஒப்பாய்வு

குடிமக்களில் ஒருவர் அரசு அலுவலகத்திடம் எழுத்தில் ஒரு தகவல் கேட்டால், இந்தியாவில் 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். இலங்கையில் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். இலங்கையில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. இந்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இலங்கைச் சட்டம் 2017 பிப்ரவரி 3 அன்று. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் தமிழர்கள் கையில் இருக்கும் இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்ற ஆசை நிருபர் வேலைக்கு வந்த காலத்திலிருந்தே எனக்கு உண்டு.

அதற்குக் காரணம் என் தலைமுறையின் நிலைமை. எங்களுக்கு முந்தைய நிருபர்கள் ஓர் எண்ணுக்காக அலுவலக வாசலில் காத்துக் கிடந்தார்கள். எங்களுக்கு எண்களுக்குப் பஞ்சமில்லை. எத்தனை வீடு கட்டினோம், எத்தனை பேருக்கு நிதி கொடுத்தோம், எத்தனை கோடி செலவழித்தோம் என்பதையெல்லாம் அரசுகளே வண்ண வரைபடங்களாக இணையத்தில் காட்டுகின்றன. ஆனால் அந்த வீடு யாருக்குக் கிடைத்தது, ஒப்பந்தத்தை எடுத்தவர் யார், கையெழுத்திட்ட அதிகாரி யார் என்று ஒரு படி கீழே இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. கூட்டுத்தொகை தாராளமாகக் கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. இரு நாட்டுச் சட்டங்களின் வரலாற்றையும் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது இதுதான்: ஓர் அரசின் வெளிப்படைத்தன்மையைப் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் உரசிப் பார்க்க முடியும். அந்த அளவுகோலை வைத்தே இரண்டையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

பிறந்த இடம் வேறு

இந்தியச் சட்டத்தின் வேர் கூலிப் பிரச்சினையில் இருக்கிறது. ராஜஸ்தானின் தேவ்டுங்ரி என்ற சிற்றூரைத் தளமாகக் கொண்டு 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் இயக்கம் தொடங்கப்பட்டது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தார்கள். வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், வேலை அளவின்படி கூலி கொடுத்தாகிவிட்டது, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள். சண்டை அங்கேதான் திசை மாறியது. கூலி வேண்டுமென்றால் முதலில் காகிதம் வேண்டும் என்று படிப்பறிவில்லாத உழைப்பாளிகள் கண்டுகொண்டார்கள்.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. நகலெடுத்து வந்த பில்களையும், மஸ்டர் ரோல் எனும் வேலையாள் வருகைப் பதிவேடுகளையும் ஊரார் நடுவில் உரக்க வாசிப்பதுதான் அதன் முறை. இப்படிப்பட்ட விசாரணைகளில் ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது கூட்டத்திலிருந்து பதில் வரும். அந்த வேலைக்குப் போகாதவர் பெயர் இருக்கும். ஊரை விட்டே போனவர் பெயர் இருக்கும். செத்தவர் பெயரும் இருக்கும். காகிதத்தில் கட்டி முடித்த கட்டடங்கள் நேரில் அரைகுறையாய் நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவரும் அந்த இடத்தில் தணிக்கை அதிகாரி ஆனார், ஏனென்றால் பெயருக்குரிய ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற முழக்கம் அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. தேசியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், தகவல் அறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அதில் விலக்குகள் இருபதுக்கும் மேல். தகவல் தராத அதிகாரிக்கு அபராதம் இல்லை. மக்கள் இயக்கத்தின் அழுத்தம் இல்லாமல் வந்த அந்தச் சட்டத்தை மக்களும் பெரிதாகக் கையில் எடுக்கவில்லை.

இலங்கைச் சட்டம் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் குடிமைச் சமூக அமைப்புகளும் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவு. 1998இல் ஊடக சுதந்திரம் குறித்த கொழும்புப் பிரகடனம் தகவல் சுதந்திரத்துக்கான சட்டத்தைக் கோரியது. அமைச்சரவை ஒப்புதல் வரை வந்த ஒரு வரைவு, 2004இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு காலாவதியானது. 2011இல் எதிர்க்கட்சி உறுப்பினர் கரு ஜயசூரிய கொண்டுவந்த தனிநபர் மசோதா தோற்கடிக்கப்பட்டது. 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகுதான் வழி திறந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய 19ஆம் திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ என்ற உறுப்புரையாக அரசியலமைப்பிலேயே சேர்த்தது. 2016 ஜூன் 24 அன்று நாடாளுமன்றம் தகவலுக்கான உரிமைச் சட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது.

தொடக்கத்தின் சாயல் இன்றுவரை இரண்டிலும் தெரிகிறது. இந்தியாவில் ஆண்டுக்குப் பல லட்சம் விண்ணப்பங்கள் போகின்றன. ரேஷன் அட்டை, முதியோர் ஓய்வூதியம், பட்டா மாறுதல் என்று சாதாரண மனிதர்களின் அன்றாடத் தேவைக்கான கருவியாக அது ஆகிவிட்டது. ‘ஆர்டிஐ போடுவேன்’ என்பது தாலுகா அலுவலகத்தில் எல்லோருக்கும் புரிகிற வாசகம். இலங்கையில் சட்டத்தின் தரம் உயர்ந்தது. ஆனால் பிரதேச செயலகத்துக்கு வரும் சாதாரண ஆள் அதைத் தன் கருவியாக நினைக்கும் அளவுக்கு அது இன்னும் ஊறவில்லை.

வாசகத்தில் இலங்கை முன்னே

சட்ட வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இலங்கையின் கை ஓங்கியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டங்களை வாசக அளவில் மதிப்பிடும் உலகத் தரவரிசையில் இலங்கை இந்தியாவுக்கு மேலே இடம்பெற்றதும் இதனால்தான்.

முதல் வேறுபாடு, உரிமை நிற்கும் இடம். இலங்கையில் அது அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்பட்ட அடிப்படை உரிமை. இந்தியாவில் 1975இல் ராஜ் நாராயண் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம், பேச்சுரிமையைத் தரும் 19(1)(அ) பிரிவுக்குள் அது அடங்கியிருப்பதாக விளக்கி வந்திருக்கிறது.

இரண்டாவது, யாரிடம் கேட்கலாம் என்பது. இந்தியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உளவுத்துறை, ரா போன்ற அமைப்புகளை மொத்தமாக வெளியே நிறுத்துகிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் அதில் ஒரு சிறு வாசல் உண்டு. இலங்கைச் சட்டத்தில் எந்த நிறுவனத்துக்கும் மொத்த விலக்கு இல்லை. இராணுவத்திடமும் கேட்கலாம். தேசியப் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். ஆனால் கேட்ட அந்தத் தகவலை வெளியிட்டால் தீங்கு வரும் என்று காட்ட வேண்டும். அரசு நிதியிலோ வெளிநாட்டு நிதியிலோ பெருமளவில் இயங்கும் தொண்டு நிறுவனங்களும், தனியார் உயர்கல்வி நிறுவனங்களும்கூட இலங்கைச் சட்டத்துக்குள் வருகின்றன.

மூன்றாவது, கேட்காமலே சொல்ல வேண்டிய கடமை. இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஒவ்வோர் அலுவலகமும் தானே வெளியிட வேண்டிய 17 இனங்களைப் பட்டியலிடுகிறது. இலங்கைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கும் ஒரு படி மேலே போகிறது. ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமோ, ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமோ தொடங்குவதாக இருந்தால், மூன்று மாதம் முன்பே அமைச்சர் அதைப் பற்றிய தகவலைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கல் நட்ட பிறகு கேள்வி கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தண்டனையில் மட்டும் இந்தியா முந்துகிறது. பதில் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையமே அபராதம் விதிக்கலாம். அது அவர் கையிலிருந்து போகிற பணம். இலங்கையில் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று காகிதத்தில் கடுமையாக இருக்கிறது. ஆனால் வழக்குத் தொடுத்து நீதவான் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். ஓர் அலுவலக உதாசீனத்துக்காக அவ்வளவு தூரம் போவது நடைமுறையில் அரிது. இந்தியாவிலும் அபராதம் விதிக்கப்படுவது மிகச் சில வழக்குகளில்தான் என்றாலும், விதிக்க முடியும் என்ற பயமே பல கோப்புகளை நகர்த்துகிறது.

பெயர் கேட்ட கதைகள்

இனி சட்டம் உண்மையில் சோதனைக்கு உள்ளான இடங்களுக்கு வருகிறேன். கேட்டவர்கள் கேட்டது ஒவ்வொரு முறையும் ஒரு பெயர்ப் பட்டியல்தான்.

இந்தியாவில் தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் யாரும் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்பது மக்களுக்குத் தெரியாது. பத்திரத்தில் அடையாளமே இல்லை என்று சொல்லப்பட்டது. பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் 1,000 ரூபாய்ப் பத்திரம் வாங்கித் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை எண், புற ஊதா ஒளியில் பத்திரத்தின் ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தது. இந்தத் திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி தெரிவித்திருந்த ஆட்சேபங்கள் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்கள் வழியே 2019இல் வெளிவந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் தகவல் உரிமையை மீறுவதாகச் சொல்லித் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் போன்றவர்களுக்குப் பாடம். நீதிமன்றம் கேட்ட பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி கேட்டது. வாங்கியவர் விவரமும் கட்சிகளின் விவரமும் தனித்தனியாக இருக்கின்றன, பொருத்திப் பார்க்கக் காலம் பிடிக்கும் என்பது அதன் வாதம். நீதிமன்றம் மார்ச் 11 அன்று மறுத்து, மறுநாளே தரச் சொன்னது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் வாங்கியவர்கள், மற்றொன்றில் கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சொல்லும் எண் மட்டும் இல்லை. நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பிறகு மார்ச் 21 அன்று எண்களோடு முழு விவரம் வந்தது. பிறகு அதிக நேரம் ஆகவில்லை. நிருபர்களும் நிரலாளர்களும் சேர்ந்து இரண்டு பட்டியல்களையும் கணினியில் பொருத்திவிட்டார்கள். வேலைக்கு மாதங்கள் தேவைப்படவில்லை. ஒரேயொரு நெடுவரிசைதான் தேவைப்பட்டது.

இலங்கையில் பெயர் கேட்ட கதை இன்னும் வலி மிகுந்தது. தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2017 பிப்ரவரியில்தான், 20ஆம் தேதி, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், தங்கள் பிள்ளைகளையும் கணவர்மாரையும் கண்ணெதிரே படையினரிடம் ஒப்படைத்தோம் என்று சொல்கிற தாய்மார்கள் அவர்கள். சரணடைந்தோரின் பட்டியல்தான் அவர்கள் முதலில் கேட்பது. அந்தப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இராணுவத்திடம் கேட்டபோது, தங்களிடம் யாரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்ற சாரத்தில் 2019இல் பதில் வந்தது. இராணுவத்திடம் கேட்கும் உரிமையைச் சட்டம் தந்தது. இந்தியச் சட்டம் உளவு அமைப்புகளுக்குத் தரும் மொத்த விலக்கு இங்கே இல்லை. ஆனால் ‘எம்மிடம் இல்லை’ என்ற ஒற்றை வரி எல்லாப் பிரிவுகளையும் தாண்டிப் போய்விட்டது.

இதே சட்டம் வென்ற கதையும் அங்கே உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களில் சொத்து விவர அறிக்கை கொடுத்தவர்கள் யார் யார் என்ற பட்டியலைப் பத்திரிகையாளர் ஒருவர் 2018இல் கேட்டார். சொத்து எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. கொடுத்தவர்களின் பெயர் மட்டும். நாடாளுமன்றச் செயலகம் மறுத்தது. தகவல் ஆணைக்குழு 2021இல் பட்டியலைக் கொடுக்கச் சொன்னது. செயலகம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது; அங்கும் 2023 பிப்ரவரியில் ஆணைக்குழுவின் முடிவே நிலைத்தது. அதே ஆண்டு வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம், சில தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டுச் சொத்து அறிக்கைகளை இணையத்தில் வெளியிட வழி செய்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்களின் அறிக்கைகளை மக்கள் தேர்தல் ஆணைக்குழுவின் இணையதளத்திலேயே படித்தார்கள். ஒரு பெயர்ப் பட்டியலுக்கான ஐந்தாண்டுப் போராட்டம் ஒரு நாட்டின் வழக்கத்தையே மாற்றத் துணைபுரிந்தது.

இந்தியாவில் அதே உரிமை 2002இல், ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் தொடுத்த வழக்கில் கிடைத்தது. வேட்பாளரின் சொத்து, குற்ற வழக்கு, கல்வி மூன்றையும் வாக்காளருக்குச் சொல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றம் சட்டத் திருத்தத்தால் அதை நீர்க்கச் செய்தபோது, 2003இல் அந்தத் திருத்தத்தையும் நீதிமன்றம் செல்லாது என்றது. இன்று தமிழ்நாட்டின் எந்தத் தொகுதி வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தையும் செல்பேசியில் பார்க்கலாம். இலங்கை வாக்காளருக்கு இதேபோன்ற வசதி வர இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

திரையும் எழுத்துருவும்

தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் திறந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். திறக்கிற கருவியே பூட்டவும் செய்யும் என்பதை வேலை கற்றுக்கொடுத்தது.

ஓர் அலுவலகத்திடம் பல பக்க அட்டவணை ஒன்று கேட்டிருந்தேன். கணினியில் தட்டச்சு செய்த அட்டவணை; கேட்டது மின்னஞ்சலில். வந்தது, அந்த அட்டவணையை அச்சிட்டு, முத்திரை குத்தி, சாய்வாக ஸ்கேன் செய்த படக்கோப்பு. ஒரு நெடுவரிசையைக்கூடக் கூட்ட முடியாது. ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது. மறுத்ததாகவும் சொல்ல முடியாது, ஏனென்றால் தகவல் வந்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் திரும்பத் தட்டச்சு செய்த பிறகுதான் அது செய்திக்கு உதவியது. வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களும் பெரும்பாலும் இப்படிப்பட்ட படங்கள்தான். அவற்றைப் படித்து, தட்டச்சு செய்து, ஒப்பிடும் வடிவில் தருகிற ‘மைநேதா’ தளம், அரசு செய்ய வேண்டிய வேலையைத் தொண்டு அமைப்பு செய்வதால்தான் இருக்கிறது.

தமிழ் ஆவணம் என்றால் இன்னொரு பூட்டும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தன் தரங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆனாலும் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் அலுவலகங்களில் இன்னும் வாழ்கின்றன. இலங்கையில் பாமினி எழுத்துருவின் ஆட்சி இன்னும் முடியவில்லை. கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரிகிற பாமினி ஆவணத்திலிருந்து ‘தகவல்’ என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்து விழும். அந்த ஆவணத்தில் ‘தகவல்’ என்று தேடினால் தேடுபொறி எதுவும் இல்லை என்று சொல்லும். ஆவணம் இணையத்தில் இருக்கும், ஆனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரு கரைத் தமிழர்களுக்கும் பொதுவான இந்தக் குறையைப் பற்றி எந்த ஆணையமும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தொழில்நுட்பம் சரியாக நடந்துகொண்ட இடமும் இருக்கிறது. 2019இல் ராஜஸ்தான் தொடங்கிய ‘ஜன் சூச்னா’ தளத்தில் ஊராட்சி வாரியாக, வார்டு வாரியாக நலத்திட்டத் தகவலைப் பார்க்கலாம். ரேஷன் கடையில் யார் பெயரில் எவ்வளவு போயிற்று என்பது வரை இறங்கலாம். கோட் கிரானாவில் உரக்க வாசித்த பட்டியலின் இணைய வடிவம் அது. அதே இயக்கத்தார் அரசோடு உட்கார்ந்து வடிவமைத்ததால், மாநிலக் கூட்டுத்தொகையில் தொடங்காமல் வார்டில் தொடங்குகிறது. யாருடைய கேள்வியிலிருந்து ஒரு தளம் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

தனியுரிமை என்ற புதிய கதவு

பெயர் கேட்பதற்கு எதிராக நியாயமான ஒரு வாதமும் இருக்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. முதியோர் ஓய்வூதியப் பட்டியலோடு ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் வெளியிடுவது அந்த முதியவருக்குச் செய்யும் துரோகம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் சட்டம் அந்த இடத்தில் நிற்கவில்லை.

இந்தியத் தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஜே) பிரிவு ஒரு நிதானமான சமநிலையை வைத்திருந்தது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதை மாற்றியது; 2025 நவம்பரில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் கருதி வெளியிடலாம் என்கிற 8(2) பிரிவு இருக்கிறதே என்று அரசுத் தரப்பு பதில் சொல்கிறது. ஆனால் அங்கே பொதுநலனை எடைபோடுவது முதலில் தகவலை வைத்திருக்கும் அலுவலகம்தான். மஸ்டர் ரோலில் உள்ள பெயரும் தனிநபர் தகவல்தான், ஒப்பந்ததாரர் பெயரும் தனிநபர் தகவல்தான், கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் அப்படித்தான். எந்தப் பட்டியலிலிருந்து இந்தச் சட்டம் பிறந்ததோ அந்தப் பட்டியலையே மறைக்க இப்போது சட்டத்தில் இடம் வந்துவிட்டது.

இலங்கைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தருகிறது. அங்கே பொதுப்பணியோடு தொடர்பு உண்டா, பெரும் பொதுநலன் உண்டா என்ற இரண்டு கேள்விகளும் விலக்கின் உள்ளேயே இருக்கின்றன. இந்தியா கைவிட்ட சமநிலை, இந்தியாவைப் பார்த்துச் சட்டம் எழுதிய நாட்டில் இருக்கிறது.

ஆணையர் யாருடைய ஆள்?

எந்தச் சட்டத்திலும் கடைசிப் படி ஆணையம். இந்தியாவில் மத்தியத் தகவல் ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் நியமிக்கும் ஓர் அமைச்சர் என மூவர். அரசின் கை எப்போதும் ஓங்கியிருக்கும். 2005 சட்டம் ஆணையர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலமும், தேர்தல் ஆணையத்துக்கு நிகரான ஊதியமும் தந்தது. 2019 திருத்தம் இரண்டையும் மத்திய அரசின் முடிவுக்கு விட்டது. அதன்படி வந்த விதிகள் பதவிக்காலத்தை மூன்றாண்டாக்கின. நிரப்பாத காலியிடங்களும் சேர்ந்து, நாடு முழுவதும் தகவல் ஆணையங்களில் தேங்கியிருந்த மேல்முறையீடுகளும் புகார்களும் 2024இல் நான்கு லட்சத்தைத் தாண்டின. தீர்ப்பு வருவதற்குள் தகவலின் தேவையே தீர்ந்துபோகிற நிலை.

இலங்கை ஆணைக்குழுவின் ஐவரில் ஒருவரை வழக்கறிஞர் சங்கமும், ஒருவரை ஊடக அமைப்புகளும், ஒருவரைக் குடிமைச் சமூக அமைப்புகளும் முன்மொழியலாம்; அரசியலமைப்புப் பேரவை பரிந்துரைக்கும். முன்மாதிரியான ஏற்பாடு. ஆனால் 2020 அக்டோபரில் வந்த 20ஆம் திருத்தம் அந்தப் பேரவையையே கலைத்து, வலுவில்லாத நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. பொருளாதாரம் சரிந்து, மக்கள் தெருவுக்கு வந்து, ஆட்சி கவிழ்ந்த பிறகு 2022 அக்டோபரில் 21ஆம் திருத்தம் அதை மீட்டது. கதவைத் திறந்த மாற்றமும் பேரவையைச் சிதைத்த திருத்தமும் அதை மீட்ட திருத்தமும் அரசியல் அலையோடு வந்தவை. இந்தியாவில் அலை எதுவும் இல்லாமல், ஒவ்வொரு திருத்தமாக, சட்டம் தேய்கிறது. முன்னதைச் செய்தித்தாளின் முதல் பக்கம் பேசுகிறது. பின்னதைக் கவனிக்க நிருபர்கள் விழித்திருக்க வேண்டும்.

கேட்பவர்களின் பாதுகாப்பும் இதோடு சேர்ந்ததே. புணே அருகே நில மோசடிகளை வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியிலும், கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கத்தை எதிர்த்த அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையிலும் கொல்லப்பட்டார்கள். இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் நிமலராஜன் 2000இலும், கொழும்பு அருகே பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009இலும் கொல்லப்பட்டது தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு. கேள்விக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அந்நாட்டுப் பத்திரிகையாளர்கள் இத்தனை ஆண்டு விடாமல் நின்றதன் பின்னணியில் இந்தச் சாவுகளும் உண்டு.

ஒன்றிடமிருந்து ஒன்று

ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவு இது. தகவலை மறுக்க இரு நாடுகளும் இரு வேறு வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. இந்தியா ‘சட்டம் தடுக்கிறது’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. இலங்கை ‘எங்களிடம் இல்லை’ என்கிறது. முன்னதற்கு மருந்து சட்ட வாசகத்தில் இருக்கிறது. பின்னதற்கு மருந்து ஆவணப் பாதுகாப்பிலும் பொறுப்பேற்கும் மனத்திலும் இருக்கிறது.

இந்தியா இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: அரசியலமைப்பில் எழுதிய உரிமை, ஊடகமும் வழக்கறிஞர்களும் குடிமைச் சமூகமும் முன்மொழியும் ஆணையர் நியமனம், தனிநபர் தகவலிலும் பொதுநலனைச் சோதிக்கும் பிரிவு. இலங்கை இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஆணையமே விதிக்கும் அபராதம், ஊர் நடுவே பட்டியலை வாசிக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் வராத வரை, எவ்வளவு சிறந்த வாசகமும் கொழும்பு அலுவலகங்களுக்குள்ளேயே சுற்றிவரும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை அந்தந்த ஊரில் தமிழில் வாசிக்கத் தொடங்கினால், சட்டத்துக்கு உயிர் வரும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. விண்ணப்பம் எழுதும்போதே கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் பட்டியலைக் கேட்க வேண்டும். தேடக்கூடிய, கூட்டக்கூடிய கோப்பாக, ஒருங்குறியில் கேட்க வேண்டும். ஆதார் எண், மருத்துவ விவரம் போல எளியவரைக் காயப்படுத்தும் விவரங்களை நாமே மறைத்துவிட்டு, அதிகாரத்தில் இருப்பவர் பெயரைத் துணிவோடு வெளியிட வேண்டும். கிடைத்த ஆவணத்தைச் செய்திக்குப் பயன்படுத்தியதோடு பெட்டியில் போடாமல், மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைக் கூலிக்காரர்கள் பெற்றுத் தந்தார்கள், தாய்மார்கள் தெருவில் அமர்ந்து அதைச் சோதித்தார்கள். அதைத் தேயவிடாமல் காப்பது, நாள்தோறும் கேள்வி கேட்பதையே வேலையாகக் கொண்ட எங்கள் தலைமுறையின் பொறுப்பு.